படுவான்கரைச் சிற்றூருக்குக் காலைப் பஸ்: எந்தச் சனத்தொகைக் கணக்கைக் காட்டுவது?

கேள்வி: வட்டைக்கரையான்

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்பகுதியில், வயல் வட்டைகளுக்கும் காட்டோரத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு சிற்றூரின் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இவ்வாண்டு நான் செயலாளராகத் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறேன். முதற் கூட்டத்திலேயே தாய்மார் எழுந்து கேட்டது ஒன்றுதான்: காலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பஸ் மீண்டும் எப்போது வரும்? 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது நின்றுபோன அந்தச் சேவை பின்னர் தொடங்கப்படவே இல்லை. இப்போது பிரதான வீதிச் சந்திவரை ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் கிரவல் வீதியில் நடந்தோ சைக்கிளிலோ போக வேண்டியிருக்கிறது. உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளைகள் இருட்டோடு புறப்படுகிறார்கள்; வீதியோரம் யானை நிற்கிறது என்று தகவல் வந்த நாளில் அவர்கள் பாடசாலைக்குப் போவதே இல்லை.

நாங்கள் கொடுத்த மனுவுக்கு வாய்மொழியாகக் கிடைத்த பதில், "உங்கள் ஊரின் சனத்தொகை ஒரு பஸ்ஸுக்குப் போதாது" என்பதாகும். அந்தச் சனத்தொகை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடப் போனபோதுதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது. வாக்காளர் இடாப்பில் ஒரு தொகை இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் பதிவில் 140க்கு மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன; ஆனால் ஆண்டுக் கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அதற்குள் அடங்கும். குடிசனத் தொகைமதிப்பின் அட்டவணையைப் புரட்டினால் எங்கள் ஊரின் பெயரே அங்கில்லை.

அடுத்த மனுவை எழுதுமுன் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். இவற்றுள் எதை நாங்கள் எழுத வேண்டும், அதை எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும்? சிறிய ஊர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பஸ்ஸை மறுக்க முடியுமா? இவ்வாறு நின்ற சேவையை மீட்டெடுத்த ஊர்கள் இருந்தால், அவர்கள் செய்ததைச் சொல்லித்தாருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்

தம்பி, அந்த மூன்று கணக்குகளும் மூன்று தேவைகளுக்காக எடுக்கப்பட்டவை. பஸ்ஸுக்காக எடுக்கப்பட்ட கணக்கு அவற்றுள் ஒன்றுமில்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

வாக்காளர் இடாப்பு 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் திருத்தப்படுவது. அண்மைக் கணக்காக இருப்பதால் அலுவலகங்கள் அதை விரும்பும். ஆனால் 18 வயதை அடையாத எவரும் அதில் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்காகக் கேட்கப்படும் பஸ்ஸை, பாடசாலைப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோரின் பெயர் இல்லாத இடாப்பை வைத்து எடைபோடுவது எவ்வளவு பிழையானது என்பதை உங்கள் மனுவின் முதற் பந்தியிலேயே பணிவாக எழுதுங்கள்.

கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பதிவு நிவாரணத்தோடும் அத்தாட்சிப் பத்திரங்களோடும் பிணைந்தது. வெள்ள நிவாரணம் தொடக்கம் அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு வரை பதிவுள்ள இடத்திலேயே கிடைப்பதால், நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பெயரை ஊரில் விட்டுவைப்பார்கள். அதைக் குற்றமாக நான் ஒருநாளும் எண்ணியதில்லை. வயலும் கோயிலும் இங்கே இருக்கும்போது பெயரை மட்டும் எங்கே கொண்டுபோவது? ஆயினும் அந்தப் பதிவை அப்படியே காட்டினால், பூட்டிய வீடுகளைச் சுட்டிக்காட்டி முழு மனுவையும் ஒருவர் தள்ளிவிட முடியும்.

குடிசனத் தொகைமதிப்பு கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகவே வெளியிடப்படுகிறது. நாட்டில் அத்தகைய பிரிவுகள் ஏறத்தாழ 14,000 உள்ளன. ஒரே பிரிவுக்குள் இரண்டு மூன்று ஊர்கள் அடங்குவது படுவான்கரையில் வழக்கம். உங்கள் ஊரின் பெயர் அகப்படாமற் போனதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். அத்துடன் நமது மாவட்டத்தின் தொகைமதிப்பு வரலாற்றில் பெரிய இடைவெளி ஒன்றுண்டு. 1981இல் மாவட்டத்தின் சனத்தொகை 330,333. 1991இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றது மட்டக்களப்பில் முழுமையடையவில்லை. அடுத்த முழுமையான கணக்கு 2012இல்தான் கிடைத்தது. அதில் மாவட்டம் 5 இலட்சத்து 25 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்த 31 ஆண்டுகளுக்குள்தான் 1990இன் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் படுவான்கரை மக்கள் கூட்டங்கூட்டமாக வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரைக்குப் பெயர்ந்ததும் நிகழ்ந்தன. போன ஊர் எது, திரும்பிய ஊர் எது என்பதை மாவட்டத்தின் மொத்தத் தொகை காட்டாது. 2024 டிசம்பர் 19ஆம் திகதியை மையமாகக் கொண்டு எடுக்கப்பட்ட 15ஆவது தொகைமதிப்பில் உங்கள் பிரிவுக்குரிய விபரத்தைப் பிரதேச செயலகத்தின் புள்ளிவிபரப் பகுதியில் கேட்டுப் பாருங்கள்.

என்னுடைய ஆலோசனை இதுதான். பிரிவின் தொகையை ஆதாரமாகக் காட்டி, அதற்குக் கீழே உங்கள் சங்கமே வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கை வையுங்கள். அதில் "இன்று இரவு இந்த வீட்டில் உறங்குவோர் எத்தனை பேர்" என்ற கேள்வியும், "அவர்களுள் நாளை காலை ஊரைவிட்டு வெளியே செல்ல வேண்டியவர் எத்தனை பேர்" என்ற கேள்வியும் இருக்கட்டும். இரண்டாவது கேள்வியை எந்தத் திணைக்களமும் கேட்பதில்லை. உங்கள் பஸ்ஸுக்குரிய விடை அதற்குள்ளேதான் இருக்கிறது. கணக்கைத் தாளில் எழுதி முடித்ததும் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து உறுதிப்படுத்திக் கையொப்பம் பெறுங்கள்.

பதில்: துறையடி

நான் குடும்பநல உத்தியோகத்தராகப் படுவான்கரையில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். ஐயா சொன்ன கணக்கோடு இன்னுமொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் ஊருக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணித் தாய்மாரின் பதிவும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பதிவும் இருக்கும். பெயர் விபரங்களை அவர் வெளியிடமாட்டார், வெளியிடவும் கூடாது. ஆனால் எத்தனை பேர் என்ற தொகையை மேலதிகாரியின் அனுமதியோடு பெறலாம். பூட்டிய வீட்டுக்கு நாங்கள் போவதில்லை, ஆகவே அந்தத் தொகை பெரும்பாலும் உண்மையில் அங்கே வாழ்பவர்களுடையதாகவே இருக்கும்.

தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் தூரம் மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று. நான் மண்டூர்ப் பகுதியில் பிறந்தவள். வாவியின் அக்கரையில் குருமண்வெளி கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போவதற்குப் பாதை வர வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: மட்டக்களப்பில் "பாதை" என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) காற்று எழும்பினால் அது தாமதிக்கும், வெள்ளத்தோடு ஆற்றுவாழைச் செடிகள் வந்து அடைத்தால் நடுவில் நிற்கும். பாதை இல்லாத நேரத்தில் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக வேண்டும். அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் கடப்பவர்களுக்கும் இதே கதைதான். 2014 ஏப்ரலில் ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்ட 210 மீற்றர் நீளமான மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதை நேரில் கண்டேன். அதுவரை அங்கேயும் பாதைதான் ஓடியது. பாலம் வந்த பிறகு கிளினிக்குக்குத் தவறாமல் வரும் தாய்மார் கூடினார்கள் என்பது என் அனுபவம்.

உங்கள் ஊருக்குள் வரும் வீதியில் தாம்போதி (வெள்ளம் மேலால் பாயும் தாழ்வான பாலம்) இருக்கிறதா? இருந்தால், ஆண்டில் எத்தனை நாட்கள் அதன் மேலால் நீர் பாய்கிறது என்பதை எழுதுங்கள். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி மாரியில் மூழ்கும்போது படகில்தான் மக்களைக் கடத்துகிறார்கள். அப்படியான நாட்களில் பஸ் வர முடியாதென்று நாமே முன்கூட்டி ஏற்றுக்கொண்டு, மற்ற நாட்களுக்குக் கேட்பது நம் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும்.

இரவில் வலி கண்ட தாய்க்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது வருகிறது, அதற்கு நான் நன்றியுடையவள். ஆனால் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போவதற்கு அம்பியூலன்ஸ் அழைக்க முடியாது. முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கக் காசில்லாமல் கிளினிக்கைத் தவறவிட்ட தாயைத்தான் கடைசியில் அம்பியூலன்ஸில் ஏற்ற வேண்டி வருகிறது. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் ஆறவில்லை.

பதில்: பழைய நேரக்காப்பாளர்

தம்பி, நான் ஒரு பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து இளைப்பாறியவன். மேலே இருவரும் ஊரின் பக்கத்திலிருந்து எழுதினார்கள். நான் பஸ்ஸின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆட்கள் குறைவு என்பது காலைச் சேவை நிற்பதற்குச் சொல்லப்படும் காரணம். பெரும்பாலும் உண்மையான காரணம் பஸ் இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான். ஆறு மணிக்கு உங்கள் ஊரில் இருக்க வேண்டிய பஸ், டிப்போவிலிருந்து புறப்பட்டால், அதிகாலையில் ஒரு ஆளும் இல்லாமல் முழுத் தூரமும் உள்ளே ஓடி வர வேண்டும். அந்த டீசலுக்கு வருமானமில்லை. டீசல் தட்டுப்பட்ட 2022இல் முதலில் வெட்டப்பட்டவை இத்தகைய ஓட்டங்களே. முற்காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. மாலையில் கடைசியாக உள்ளே வரும் பஸ் ஊரிலேயே தரித்து நின்று, விடிந்ததும் அங்கிருந்தே முதற் பயணத்தைத் தொடங்கும். இரண்டு ஓட்டமும் ஆட்களோடு நடக்கும். போர்க்காலத்தில் படுவான்கரையில் இரவில் பஸ் தரிக்க முடியாமற் போனது; பிறகு பல இடங்களில் அந்த வழக்கம் திரும்பவில்லை.

இரவில் தரிக்கும் பஸ்ஸுக்கு ஊர் செய்ய வேண்டியவை இருக்கின்றன. சாரதியும் நடத்துநரும் படுக்க ஒரு நல்ல அறை, குளிக்க நீர், மலசலகூடம், மின்விளக்கு, பஸ் நிற்பதற்குப் பாதுகாப்பான வளவு ஆகியவை வேண்டும். கோயில் மடத்திலோ பலநோக்கு மண்டபத்திலோ இவற்றை ஒழுங்குசெய்து கொடுத்த ஊர்களுக்குச் சாரதிகள் விரும்பிப் போவார்கள். எந்த வீட்டிலாவது இரவுச் சாப்பாடும் வந்துவிடும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்து, நுளம்புக் கடியோடு எழுந்து, கிணறு தேடிப் போக வேண்டிய ஊருக்கு ஒருவரும் ஒருமுறைக்கு மேல் போகமாட்டார்கள். அடுத்த வாரம் பஸ் "பழுதாகிவிடும்". சனத்தொகைக் கணக்கைவிட அந்த அறைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

இனி எங்கே எழுதுவது என்பதற்கு வருகிறேன். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்ஸுக்கு உங்கள் பகுதிக்குரிய டிப்போ முகாமையாளருக்கு எழுதி, பிரதேச செயலாளருக்குப் பிரதி அனுப்புங்கள். தனியார் பஸ்ஸுக்குரிய வழித்தட அனுமதிப்பத்திரம், மாகாணத்துக்குள் ஓடுவதாயின் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையின் பொறுப்பு. மாகாண எல்லையைக் கடந்தால் மட்டுமே 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் அனுமதிக்காகப் போக வேண்டும். அம்பாறை 1961இல் வேறு மாவட்டமாகப் பிரிந்தாலும் அதே மாகாணம்தான். ஆகவே படுவான்கரையின் தெற்கு ஊர்கள் கல்முனைக்குப் பஸ் கேட்பதில் அந்தச் சிக்கல் இல்லை. ஆணைக்குழுவுக்கு எழுத வேறொரு காரணம் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய, பின்தங்கிய ஊர்களுக்கான கெமி செரிய என்னும் மானியச் சேவைகள் அதனுடையவை. வருமானம் போதாத வழித்தடத்தில் ஓடுபவருக்கு அரசு ஈடுசெய்வதற்காகவே அவை ஏற்படுத்தப்பட்டன. "சனத்தொகை போதாது" என்று உங்களுக்குச் சொன்ன பதிலையே அந்த விண்ணப்பத்துக்கு ஆதாரமாக வைக்கலாம்.

தனியார் பஸ்காரர் பாடசாலை நேரத்தில் ஏன் தயங்குகிறார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். போக்குவரத்துச் சபையின் பருவச்சீட்டை வைத்திருக்கும் பிள்ளையை ஏற்றினால் அவருக்கு ஒரு சதமும் கிடையாது. அதனால் பிள்ளைகளுக்கான ஓட்டத்தைச் சபையிடமும், சந்தை நாளுக்கான பகல் ஓட்டத்தைத் தனியாரிடமும் கேட்பது நடைமுறைக்குப் பொருந்தும். உங்கள் ஊரைத் தனியே எழுதாமல், சந்தியிலிருந்து உங்கள் ஊர்வரை அந்த வீதியில் உள்ள எல்லா ஊர்களையும் ஒரு வழித்தடமாக எழுதுங்கள். பஸ்ஸுக்கு ஊர் தெரியாது, வீதிதான் தெரியும்.

பதில்: காட்டோரத்து மகன்

செயலாளர் அவர்களே, மனம் நோகாமல் வாசியுங்கள். நானும் இத்தகைய ஓர் ஊரில் பிறந்தவன். மகள் ஆறாம் ஆண்டுக்கு வந்ததும் கல்லடியில் வாடகைக்கு வீடெடுத்துக் குடும்பத்தைக் கொண்டுவந்துவிட்டேன். நெல் வெட்டுக் காலத்தில் மட்டும் ஊருக்குப் போய் வருகிறேன். என்னைப்போல் பலர் இருக்கிறார்கள். இளைஞர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். மிச்சமுள்ள வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இந்த நிலையில் பெரிய பஸ் வந்தாலும் பாதி ஆசனம் வெறுமையாகவே போகும், ஆறு மாதத்தில் மறுபடியும் நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். பெற்றோர் சேர்ந்து ஒரு வான் வண்டியைப் பேசிக்கொள்வது விரைவான தீர்வாக இருக்கும்.

இன்னுமொன்று. வீதி யாருடையது என்று பார்த்தீர்களா? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. உள்ளூர்க் கிரவல் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையினுடையவை. வீதியைச் செப்பனிடாமல் பஸ் கேட்டால், "வீதி சரியில்லை" என்று சொல்லி ஒரு தரப்பு மறு தரப்பைக் கைகாட்டும். அதை எங்கள் ஊரில் நாங்கள் நீண்ட காலம் அனுபவித்தோம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: வட்டைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தோம். அதன் பிறகு இரண்டு வாரங்கள் வேலை செய்தோம்.

முதலில் காட்டோரத்து மகன் அவர்களுக்கு. நீங்கள் ஊரைவிட்டுப் போனதை நான் குறை சொல்லவில்லை. என் அக்காவும் அவ்வாறே போனாள். ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மகள் ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது காலையில் பஸ் வந்திருந்தால் வாடகை வீடு தேடியிருப்பீர்களா? எங்கள் வீடுவீடான கணக்கில் பூட்டிய வீடுகள் 31 இருந்தன. ஒவ்வொன்றின் உறவினரிடமும் எப்போது, ஏன் போனார்கள் என்று கேட்டோம். அவற்றுள் 19 வீடுகள் பிள்ளைகளின் படிப்புக்காகப் பூட்டப்பட்டவை, அவற்றுள் பெரும்பாலானவை பஸ் நின்ற பிறகு பூட்டப்பட்டவை. ஆள் இல்லையென்று பஸ்ஸை நிறுத்தினார்கள், பஸ் இல்லையென்று ஆட்கள் போனார்கள், இப்போது போனவர்களைக் கணக்கிட்டு மறுபடியும் ஆள் இல்லை என்கிறார்கள். வானைப் பற்றியும் விசாரித்தோம். கேட்கப்பட்ட மாதக் கட்டணத்தை, கூலி வேலை செய்யும் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்ட முடியாது.

கிராம உத்தியோகத்தர் ஐயாவின் இரண்டாவது கேள்விதான் எங்கள் கண்ணைத் திறந்தது. சங்கத்து இளைஞர் இருவர் பாடசாலை நாட்கள் ஐந்திலும் காலை ஐந்தரை தொடக்கம் எட்டு மணிவரை சந்தியில் இருந்து, எங்கள் வீதியால் வெளியே வந்தவர்களை எண்ணினார்கள். வழியிலுள்ள மற்ற இரண்டு ஊர்களையும் சேர்த்து, மிகக் குறைந்த நாளிலேயே 64 பேர். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களையும் நிறுத்திக் கேட்டார்கள். பலர் தங்கள் வேலைக்கு வந்தவர்கள் அல்லர். பிள்ளையைச் சந்தியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் தகப்பன்மார். வேளாண்மை வேலை உள்ள காலத்தில் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அதிலேயே போகிறது.

வீதி பிரதேச சபைக்குரியது என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். தாம்போதி ஒன்று இருக்கிறது. சென்ற மாரியில் எத்தனை நாட்கள் அதன் மேல் நீர் நின்றது என்பதை அருகிலிருக்கும் கடைக்காரரின் குறிப்பிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் விசேட பஸ் இதே வீதியால் வருகிறது என்பதையும் சேர்த்துள்ளோம்.

நேரக்காப்பாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிறுத்தப்படுமுன் அந்தச் சேவை உண்மையில் மாதத்தில் எத்தனை நாட்கள் ஓடியது, என்ன வருமானம் வந்தது என்ற விபரத்தை நாங்கள் பெற முடியுமா?

பதில்: பழைய நேரக்காப்பாளர்

பெறலாம் தம்பி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், போக்குவரத்துச் சபையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தகவலை வழங்குவதா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். "நிறுத்தப்படுமுன் ஓராண்டுக்குரிய நாளாந்த ஓட்ட விபரம்" என்று குறிப்பாகக் கேளுங்கள்; "பஸ் ஏன் வரவில்லை" என்று கேட்டால் அதற்குப் பதிலாகக் கடிதம் வரும், விபரம் வராது. ஓடாத நாட்கள் பல இருந்தால், அந்த மாதங்களின் குறைந்த வருமானத்துக்கு ஊர் பொறுப்பல்ல என்பதை நீங்கள் எழுத்தில் காட்ட முடியும்.

64 பேர் என்ற தொகை நல்ல தொகை. மனுவின் முதற் பக்கத்தில் அதை வையுங்கள். 140 குடும்பங்கள் என்பதை இணைப்பில் வைத்தாற் போதும். அறையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே?

கேள்வி கேட்டவரின் மறுமொழி: வட்டைக்கரையான்

அறை கிடைத்துவிட்டது ஐயா. பலநோக்கு மண்டபத்தின் பின்பக்கத்தில் சாமான்கள் போட்டுவைத்திருந்த அறையை மாதர் சங்கத்தினர் வெளியாக்கி வெள்ளையடித்திருக்கிறார்கள். இரண்டு கட்டில்களும் நுளம்பு வலைகளும் போட்டாயிற்று. மலசலகூடத்துக்குக் கதவு மட்டும் இன்னும் போட வேண்டும். தச்சர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். திங்கட்கிழமை மனுவோடு போகிறோம்.